உள்செருப்பு

எட்மண்டின் இடது கால் டெட்டால் வாளியைத் தட்டிவிட்டபோது, கிதியோன் ஐயர் பெஞ்சுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்றிருந்தார். தண்ணீர் முழுவதும் அவருடைய வெள்ளை அங்கியில் போய்ச் சேர்ந்தது.

"ஸ்தோத்திரம்" என்றார் போதகர். வேறெதையோ சொல்ல வந்து மாற்றிக்கொண்டதுபோல் இருந்தது.

"மன்னிக்கணும் ஐயா. கை கழுவ மொண்டு குடுக்கலாம்னு..."

"இன்னைக்குமா அத்தான்?" துணியோடு ஓடிவந்த மைத்துனி யூனிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

இன்றைக்கும்தான். காலையில் மனைவி ஜெயசுந்தரியின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தவர்கள் பெஞ்சைத் தூக்கி ஓரமாக வைத்திருந்தார்கள். பெட்டி கூடத்துக்குள் போனதும் எட்மண்ட் அதை மறுபடி வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

மௌலா அலிப் பக்கம் அணு எரிபொருள் ஆலையில் அவருக்கு வேலையே அதுதான். இப்படி ஒரு தடுப்பு பெஞ்சின் அருகே நின்று, வெளியே வருகிறவர்களின் செருப்பின் அடியைக் கதிர்வீச்சுக் கருவியால் சோதிக்க வேண்டும். மனைவிக்கு மார்பில் கட்டியை அறுத்து, கீமோதெரபி ஆரம்பித்து, "வெள்ளையணு குறையும், கிருமி அண்டாமப் பாத்துக்குங்க" என்று டாக்டரம்மா சொன்ன அன்று சாயங்காலமே வீட்டு வாசலிலும் ஒரு பெஞ்சைப் போட்டார். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி, பெஞ்சைத் தாண்டி, கை கழுவி, உள்ளே இருக்கும் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். சளி பிடித்தவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டும். பூ, வெட்டி வைத்த பழம், பச்சைக் கொத்தமல்லிச் சட்னி எதுவும் தாண்டக் கூடாது. ஒருமுறை அவருக்கே தும்மல் வந்தபோது, சரியாகும்வரை வராந்தாவில் படுத்துக் கொசுக்களுக்கு ஊழியம் செய்தார். காலனியில் அந்த வீட்டுக்கு 'பிளான்ட் நம்பர் டூ' என்று பெயர். எட்மண்டுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படியும் காய்ச்சல் தாண்டி வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. யாரோடு? தன்னோடா? பல்லிடுக்கில் மாட்டிய மாம்பழ நார் மாதிரி அந்தக் கேள்வி அவரைவிட்டுப் போகவில்லை. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தபடி, "எங்கேருந்து வேணா வரலாம் சார்" என்றார். போதகர் மேலே கை காட்டினார். திருநெல்வேலிக்குத் தந்தியடித்துவிட்டு வந்த யூனிஸ், "இப்ப அதெல்லாம் எதுக்கு அத்தான்" என்று காபியை நீட்டினாள்.

எட்மண்ட் தரையைத் துடைக்கக் குனிந்தார். சிந்திய தண்ணீர் ஜெயசுந்தரியின் நீல ரப்பர் செருப்பைக் கவிழ்த்துப் போட்டிருந்தது. இருபது வருஷத் தொழில். கண் தானாக அடிப்பாகத்துக்குப் போயிற்று. பெஞ்சைத் தாண்டாத உள்செருப்பு அது. குதிகால் தேய்ந்திருந்தது. பள்ளத்தில் பச்சையாக ஏதோ மின்னியது. நகத்தால் நெம்பினார். சமிக்கி.

இந்த வீட்டில் சமிக்கி ஏது?

எட்மண்ட் வராந்தாவுக்குப் போய், துக்கம் கேட்க வந்தவர்களின் செருப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

"செருப்பைக் காணலியா சார்?" என்று ஆலை நண்பர் ஒருவர் உதவிக்கு வந்து குந்தினார்.

"எந்திரிங்க அத்தான், எல்லாரும் பாக்காவ" என்றாள் யூனிஸ்.

ஓரமாகக் கிடந்த ஒரு ஜோடியின் அடி கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. அடுத்த வீட்டு ஜுலைகாவுடையது. கல்யாணத் துப்பட்டாக்களுக்குச் சமிக்கி தைக்கிறவள். உள்ளே வராமல் மதிலோரம் நின்றிருந்தாள்.

"ஜுலைகாம்மா, அவ உங்க வீட்டுக்கு வந்தாளா?"

அவள் அவர் கையிலிருந்த நீலச் செருப்பைப் பார்த்தாள்.

"ஹவ் அண்ணே, வருவாங்க. நீங்க ஷிப்ட் பஸ் ஏறினதும் தினம் வருவாங்க. வெளிச்செருப்பு இடம் மாறினா நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு உள்செருப்போடயே வருவாங்க. நக்கோக்கா நக்கோ, வெளிய வராதீங்கன்னு சொல்லிப் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

ஆலையில் பெஞ்ச், உள்ளே இருப்பது வெளியே போகாமலிருக்க. வீட்டில், வெளியே இருப்பது உள்ளே வராமலிருக்க. இப்படித் திருப்பிப் போட்டதில், வெளியே போகிறவர்களைச் சோதிக்க ஆள் வைக்க மறந்துவிட்டது.

"அங்க வந்து என்ன செய்வா?"

"பச்சையா ஒண்ணும் குடுக்கலண்ணே, சத்தியமா. கொதிக்கக் கொதிக்க டீ மட்டும்தான்." புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். "உங்கள மாதிரி நடிச்சுக் காட்டுவாங்க."

"என்னையா?"

"முக்காலிய நடுவுல போட்டுத் தாண்டி, 'கால்! கை! நகக்கண்ணு! தும்மினவங்கள்லாம் லைன விட்டு வெளிய!'ன்னு... சிரிச்சு சிரிச்சு எனக்கு ஊசி கையில குத்திரும்."

எட்மண்ட் செருப்பைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"காய்ச்சல் அங்கேருந்துதான் வந்துச்சாம்மா? இல்ல என்கிட்டேருந்தா?"

"தெரியாதுண்ணே. உங்ககிட்டேருந்தா, என்கிட்டேருந்தா, அவங்க வயித்துக்குள்ளயே இருந்ததான்னு யாருக்கும் தெரியாது. நானும் போய் டாக்டரம்மாகிட்ட அழுதேன், என்னாலயான்னு. நிறையப் பேருக்கு வயித்துக்குள்ள எப்பவும் இருக்கற கிருமியே உடம்புக்கு எதிரா திரும்பிக்குமாம். இவங்களுக்கு எதுன்னு தெரியாதுன்னுட்டாங்க."

அவர் தலையாட்டினார். வாசலுக்குப் போய், குறுக்கே கிடந்த பெஞ்சை இழுத்துவந்து மதிலோரம் போட்டார். வாங்கிய நாளிலிருந்து அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"உக்காருங்க."

அவள் ஒரு முனையில் உட்கார்ந்தாள். அவர் மறுமுனையில். உள்ளே பாட்டு ஆரம்பித்தது.

"'கால்'னு சொல்லிட்டுத் தாண்டும்போது, எந்தக் காலத் தூக்குவா?"

"இடது கால் அண்ணே. நீங்க எப்பவும் இடது காலத்தான் முதல்ல தூக்குவீங்களாமே."

எட்மண்ட் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். அது இன்னும் ஈரமாக இருந்தது.