நிவால்டோவின் பென் டிரைவில் ஒன்றும் இல்லை

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததில்லை. கீழ்வீட்டு ஒடால்மிஸ் சொன்னது. கரண்ட் போயிருந்த ஒரு பிற்பகல், காற்றுக்காக இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். மடியில் மரவள்ளிக்கிழங்கு வைத்துத் தோல் சீவிக்கொண்டே ஆரம்பம் முதல் கடைசிவரை சொன்னாள். முடித்ததும், "இதை எங்கயாவது எழுதித் தொலைச்சுடாதே" என்றாள். கிழங்கை அலச எழுந்தவள் திரும்பி நின்று, "எழுதினா என்னை ஒல்லியா எழுது" என்றாள்.

அனுமதி கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

கதையை நன்றாகச் சொல்லிவிடுவேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கே தொடங்குவது என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம். முதலில் இப்படி எழுதினேன்:

"புகையிலைக் கொல்லைகளின் பச்சை வாசம் மிதந்த ஒரு வசந்தகாலக் காலையில், கபாய்குவான் ஊரில், ஒல்லியான ஒரு பெண்—"

அடித்துவிட்டேன். கியூபாவில் எங்கள் ஊர்ப்பக்கம் வசந்தம் என்று தனியாக ஒன்று வருவதில்லை. ஒடால்மிஸும் ஒல்லி இல்லை.

அடுத்து, "கணினி செத்துக்கொண்டிருந்தது" என்று எழுதினேன். நல்ல வரி. ஆனால் பொய். அது சாகவில்லை, எழுந்து நடக்கச் சோம்பல்பட்டது, அவ்வளவுதான். அதனால் மரிசெல்லின் குரலில் தொடங்குகிறேன். அந்தக் குரலில் தொடங்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

2

"ஒடால்மிஸ்! என் பொண்ணு தொட்டிலை விட்டு எந்திரிச்ச நாள்லேருந்து இந்தச் சனிக்கிழமைக்காகத்தான் நான் உசுரோட இருக்கேன். வீடியோ எங்க?"

"வெந்துட்டிருக்கு மரிசெல்."

"போன வாரமும் வெந்துட்டிருந்துச்சு. என்னடி அது, மாட்டுக்காலா?"

மரிசெல் கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வந்தால் காபி கொடுத்துச் சமாதானம் பண்ணிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இங்கே பெண்பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைவது கல்யாணத்துக்குச் சமம். விதவிதமான கவுன்களில் படம் எடுத்து, பாட்டு சேர்த்து, வீடியோவாக்கி, விருந்தன்று எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டும். அந்த வீடியோக்களைச் செய்வதுதான் ஒடால்மிஸின் பிழைப்பு. இந்தச் சனிக்கிழமை பதினைந்து நிறைகிற மரிசெல்லின் மகள் லியானெத்துக்கு அது இன்னும் முக்கியம். அவளுடைய அப்பா வெளிநாட்டில் இருக்கிறார், வர முடியாது. மகள் வளர்ந்து நிற்பதை அவர் பார்க்கப்போவது அந்த வீடியோவில்தான்.

ஆனால் ஒடால்மிஸின் கணினியோ பழையது. வீடியோ வேலைக்கான புரோகிராமைத் திறக்கச் சொல்லிவிட்டு அவள் காபி போடுவாள், குடிப்பாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவாள். அப்போதும் திறந்துகொண்டிருக்கும். அந்த வாரமோ, லியானெத் மஞ்சள் கவுனில் சோளக்கொல்லை நடுவே திரும்பிப் பார்க்கிற இடம் வந்தாலே திரை உறைந்துவிடும். பாதி திரும்பிய பெண், ஒரு கண் மூடி, வாய் கோணி, அப்படியே நிற்பாள். அதையா அப்பாவுக்கு அனுப்புவது?

பக்கத்து ஊரில் புது மெஷின் வைத்து ஒருவன் இதே தொழில் செய்கிறான். மரிசெல் ஒருத்தி அவனிடம் போனால் போதும். ஊரே பின்னால் போய்விடும். மரிசெல்லின் வாய் அப்படி.

3

இந்த இடத்தில் ரெய்னியர் வருகிறான். அவன்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊர்க் கணினி மன்றத்தில் பாடம் எடுப்பவன். வந்து ஒரு யோசனை சொல்லிவிட்டுக் கதையை விட்டே போய்விடுகிறான். அப்படிப்பட்ட பாத்திரத்தை வாசகர்கள் மன்னிப்பதில்லை என்று அவனுக்கு ஒரு மீசையும், கைகூடாத ஒரு காதலும் கொடுத்துப் பார்த்தேன். ஒடால்மிஸிடம் படித்துக் காட்டியபோது சிரித்து மாளவில்லை அவளுக்கு.

"ரெய்னியருக்கு மீசையா? மூணு பிள்ளைங்க அவனுக்கு, காதலாம்! வந்தான், காபி குடிச்சான், சொன்னான், போனான். அவ்வளவுதான்."

சரி. வந்தான், காபி குடித்தான், சொன்னான்:

"மெஷினுக்கு மெமரி பத்தலக்கா. எதைக் கேட்டாலும் ஹார்ட் டிஸ்குக்கு ஓடுது. அது கெழடு. நம்ம ரேஷன் கடைக்காரர் மாதிரி. அரிசி கேட்டா பின்னறைக்குப் போவாரு, அங்க யார்கூடயோ பேசிட்டு நிப்பாரு, வந்து 'என்ன கேட்டே?'ம்பாரு. ஒரு பென் டிரைவைச் சொருகி வச்சா, அடிக்கடி வேணுங்கறதை எல்லாம் முன்னாடியே எடுத்து வச்சுக்கும். பின்னறைக்குப் போக வேண்டியதில்ல."

"அதுக்குத் தனியா ஏதாவது போடணுமா?"

"வேணாம். விண்டோஸுக்குள்ளயே இருக்கு. பென் டிரைவ் மேல வச்சு வலது பக்கம் க்ளிக் பண்ணுங்க, வேகத்துக்குன்னு ஒரு பக்கம் வரும், 'பயன்படுத்து'ன்னு குத்துங்க. ஆனா அதிசயம் எல்லாம் எதிர்பாக்காதீங்க. புது மெமரி வாங்கிப் போடறதுதான் சரியான வைத்தியம்."

"எங்க விக்கிது?"

"அதுக்குத்தானே பென் டிரைவ்ங்கறேன். நல்ல வேகமானதா இருக்கணும். இடம் காலியா இருக்கணும்."*

போனான்.

(* பென் டிரைவ் என்பது நம் பேச்சு. இங்கே அதற்கு 'நினைவு' என்றுதான் பெயர். "உன் நினைவைக் கொஞ்சம் கொடு, நாளைக்குத் தருகிறேன்" என்று பஸ் நிறுத்தத்தில் கேட்பார்கள். இதை வைத்து இரண்டு பக்கம் கவித்துவமாக எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். கதை அது இல்லாமலே நடக்கும்.)

4

ஒடால்மிஸிடம் பென் டிரைவ்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஊர்ப்பெண்கள் கவுன் போட்டுக்கொண்டு நெருக்கியடித்து நின்றார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது புருஷன் நிவால்டோவின் சிவப்புப் பென் டிரைவ் மட்டும்தான்.

நிவால்டோ புகையிலைக் கிடங்கில் இலை தரம் பிரிப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எசப்பாட்டுக்காரன். கித்தார் ஒருத்தர் வாசிக்க, இரண்டு பேர் எதிரெதிரே நின்று, அந்தந்த நொடியில் கட்டிய பாட்டால் ஒருவரை ஒருவர் மடக்குவது. எழுதி வைத்துப் பாடினால் கூட்டம் எழுந்து போய்விடும்.

அவன் கொல்லைப்புறத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"நிவால்டோ, உன் செவப்புப் பென் டிரைவ்ல என்ன இருக்கு?"

"ஏன்?"

"மெஷினுக்கு வேணும். அழிச்சுடுவேன்."

அவன் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான். (முதல் வரைவில் இந்தச் சக்கரத்தை நெடுநேரம் சுற்றவிட்டேன், அவன் முகத்தில் நிழல் விழுந்து விழுந்து விலகும்படி. அது ஏமாற்று வேலை. பஞ்சர் ஒட்டுகிறவன் சக்கரத்தைச் சுழற்றுகிற மாதிரிதான் சுழற்றினான்.)

"ஒண்ணும் இல்ல. எடுத்துக்கோ கெழவி" என்றான்.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. கல்யாணமான வாரத்திலிருந்தே அவள் அவனுக்குக் 'கெழவி'தான்.

பென் டிரைவைச் சொருகினாள். முழுக்கக் காலியாக இல்லை. நீளமான ஒலிப்பதிவு ஒன்று இருந்தது. பெயர் இல்லை, வெறும் எண்கள். என்னவென்று கேட்டுப் பார்ப்போம் என்று அதைத் திறந்தாள். கணினி வட்டத்தைச் சுழற்றிக் காட்டிவிட்டு அப்படியே நின்றது. காத்திருந்து பார்த்தாள். மேசையைத் தட்டினாள். கடைசியில் அணைத்து மறுபடி போட்டாள். திரும்பத் திறந்தால் திரும்ப உறையும், சனிக்கிழமை அதற்காக நிற்காது. ஒன்றும் இல்லை என்று அவனே சொல்லிவிட்டானே.

அழித்தாள். ரெய்னியர் சொன்ன பக்கத்துக்குப் போய்க் குத்தினாள்.

காபி கொதிக்கும் முன்பே புரோகிராம் திறந்துகொண்டது. ஒடால்மிஸ் போட்ட கத்தலில் நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன், ஷாக் அடித்துவிட்டதோ என்று. அவள் திரையைக் காட்டினாள். லியானெத் சோளக்கொல்லை நடுவே அழகாக முழுசாகத் திரும்பி, இரண்டு கண்ணும் திறந்து சிரித்தாள்.

(ரெய்னியரைப் பிறகு கேட்டேன். அணைத்துப் போட்டதாலேயே பாதிப் பாரம் குறைந்திருக்கும், பென் டிரைவ் மீதியைச் செய்திருக்கும் என்றான். ஒடால்மிஸ் அதை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் இந்தச் சண்டையில் இறங்க விருப்பமில்லை.)

வெள்ளிக்கிழமை வீடியோ தயார்.

5

விருந்தில் வீடியோ ஓடி முடிந்ததும் லியானெத் அழுதாள், மரிசெல் அழுதாள். மரிசெல் வறுத்த பன்றிக்கறி பிடித்த கையோடு ஒடால்மிஸைக் கட்டிக்கொண்டு, "நீ தெய்வம்டி! மாட்டுக்கால்னு சொன்னதை மறந்துடு" என்றாள். முதுகில் ஐந்து விரலும் எண்ணெயாகப் பதிந்தது. அப்போதே வேறு இரண்டு அம்மாக்கள் தங்கள் பெண்களுக்கு நாள் கேட்டார்கள்.

நான் இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நல்ல முடிவு. பென் டிரைவ் வென்றது, பிழைப்பு தப்பியது. ஆனால் மரிசெல்லின் பெரியப்பா குமெர்சிந்தோ சாப்பாட்டுத் தட்டோடு நிவால்டோவை நோக்கி நடந்து வந்துவிட்டார்.

குமெர்சிந்தோ இந்த வட்டாரத்தின் பெரிய எசப்பாட்டுக்காரர். யாரிடமும் தோற்காதவர், ஒரே ஒரு தடவை தவிர. அந்தத் தடவை ஜெயித்தவன் நிவால்டோ.

"டேய் புகையிலை! அன்னைக்கு என்னைக் கவுத்தியே, அந்தப் பாட்டை வச்சிருக்கியா? ரேடியோக்காரன் செவப்புப் பென் டிரைவ்ல போட்டு உன் கையில குடுத்தான்ல. அவன்கிட்ட இப்ப இல்லையாம். எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடு. எங்க சறுக்கினேன்னு ஒரு தடவை கேட்டுடறேன்."

ஒடால்மிஸ் பக்கத்தில்தான் நின்றாள். கையில் கறுப்பு பீன்ஸ் சோறு. அது தட்டிலிருந்து சரிந்து செருப்பில் விழுந்ததை வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

நிவால்டோ சிரித்தான். "வீட்ல பத்திரமா இருக்கு. உனக்குத் தர மாட்டேன் மாமா. கேட்டுக் கத்துக்குவே."

கூட்டம் சிரித்தது. "அப்ப இங்கயே ஒரு தடவை பாடிடுவோம்!" என்று குமெர்சிந்தோ தட்டை வைத்தார். யாரோ கித்தாரை எடுத்தார்கள்.

இந்தக் காட்சிக்கு என்னிடம் இரண்டு வரைவு இருந்தன. ஒன்றில் நிவால்டோ அழிந்துபோன பாட்டைவிட அருமையாகப் பாடுகிறான். படிக்க இனிக்கும். இன்னொன்றில் தொண்டை அடைத்து, பாதியில் மனைவியைப் பார்த்து—

இரண்டும் நடக்கவில்லை. நடந்தது இதுதான். குமெர்சிந்தோ அடித்து நொறுக்கினார்:

அன்னைக்கு நீ ஜெயிச்ச பாட்டை
அலமாரியில பூட்டி வச்சே;
இன்னைக்குப் பாட வாடான்னா
ஏன்டா தொண்டையைப் பூட்டி வச்சே?

நிவால்டோ கொஞ்சம் திணறி எடுத்தான்:

பூட்டி வச்ச பாட்டையெல்லாம்
பூனை தின்னு போச்சு மாமா;
கேட்டுப் போக வந்தவனே,
கிட்ட வந்தா புதுசு தாரேன்.

(அவர்கள் பாடியது பத்துப் பத்து அடி. தமிழில் என்னால் முடிந்தது இவ்வளவு.)

பூனை என்ற சொல் வந்ததும் ஒடால்மிஸ் கூட்டத்தை விலக்கி அவன் முகம் தெரிகிற இடத்துக்கு நகர்ந்தாள். தெரிந்துதான் பாடுகிறானா? ஓசைக்காக வந்த பூனையா? அவர்கள் மொழியில் அந்த இடத்தில் பூனை நன்றாகவே பொருந்துகிறது, நான் சரிபார்த்துவிட்டேன்.

கடைசியில் குமெர்சிந்தோதான் ஜெயித்தார், அதில் யாருக்கும் மறுபேச்சில்லை. நிவால்டோ அவரைக் கட்டிப்பிடித்தான். கேக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"தோத்துட்டியே" என்றாள்.

"அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றான்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

6

கேட்காத கேள்விக்கு நான் பதில் எழுதினேன். எழுத்தாளன் வேறு எதற்கு இருக்கிறான்? ஒரு முடிவில் நிவால்டோ தெரிந்தே கொடுக்கிறான். தன் வாழ்நாளின் ஒரே வெற்றியை அவள் வேலைக்காக விட்டுவிடுகிறான். இன்னொன்றில், அந்தப் பதிவு அலமாரியில் வேறெங்கோ இருப்பதாக இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறான். இரண்டையும் அதே மாடிப்படியில் உட்கார்ந்து ஒடால்மிஸுக்குப் படித்துக் காட்டினேன்.

"ரெண்டும் வேணாம்" என்றாள்.

"ஏன்?"

"தெரிஞ்சே குடுத்தான்னு வை. ஆயுசு பூரா நான்தான் பாத்திரம் கழுவணும், வாயைத் திறக்க முடியாது. தெரியாம குடுத்தான்னு வை. நான்தான் போய்ச் சொல்லணும். அவன் அழுவான். அவன் அழுதா எனக்குத் தாங்காது."

"கதைக்கு முடிவு வேணுமே ஒடால்மிஸ்."

"உன் கதைக்குத்தானே? எனக்கு அடுத்த வாரம் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

அந்த நேரம் பார்த்து நிவால்டோ வேலை முடிந்து படியேறி வந்தான். என் மடியில் இருந்த தாள்களைப் பார்த்தான்.

"என்ன எழுதறே?"

"கதை."

"நான் இருக்கேனா?"

"இருக்கே."

"பாடறேனா?"

"பாடறே."

"கடைசியில என்ன ஆகுது?"

ஒடால்மிஸ் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள். "இன்னும் முடிக்கலை" என்றேன்.

நிவால்டோ தாளை வாங்கிப் படிக்கவில்லை. என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

"அப்ப அப்படியே விட்டுடு" என்றான். கீழே இறங்கிப் போய், "கெழவி, காபி இருக்கா?" என்று குரல் கொடுத்தான்.

அவள் எழுந்து போனாள். இரண்டு முடிவுகளும் என்னிடம்தான் இருக்கின்றன. எது சரி என்று உங்களுக்குத் தோன்றினால் என்னிடம் சொல்லுங்கள். அவளிடம் மட்டும் வேண்டாம்.