மிதிக்காத கால்மிதி

தேயிலை பெக்டரியில் வேலை முடிந்து வந்த வீரசிங்கம் வாசலில் செருப்பைக் கழற்றினான். கதவுக்கு நேராகக் கிடந்த பச்சைக் கால்மிதியை ஒருமுறை பார்த்தான். பிறகு நீளமாக ஒரு எட்டு வைத்து, அதைத் தாண்டி உள்ளே வந்தான். சேற்றுக் கால் சிமெந்துத் தரையில் அப்படியே பதிந்தது. அடுப்படியிலிருந்து யசோதினி பார்த்துக்கொண்டிருந்தாள். கால்மிதி என்றால் மிதிக்கத்தான். வருகிறவர் போகிறவர் எல்லோரும் மிதிக்கிறார்கள். பக்கத்து வீட்டு நாய்கூட அதில் சுருண்டு படுத்துவிட்டுப் போகிறது. இந்த மனுஷனுக்கு மட்டும் அது ஏதோ சாமி படம்.

அந்தக் கால்மிதி முன்பு சேலையாக இருந்தது. ஜெயந்தினியின் சேலை. வீரசிங்கத்தின் முதல் மனைவி அவள். நோயில் விழுந்து, பூனாகலைத் தோட்டத்துக்கும் பதுளை ஆஸ்பத்திரிக்குமாக அலைந்து, போய்ச் சேர்ந்துவிட்டாள். யசோதினி போன தையில் அவனைக் கட்டிக்கொண்டு வந்தவள். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் வாசலில் நிறுத்தி வைத்து நாலு வார்த்தை கேட்கலாம், மிஞ்சினால் மயிரைப் பிடிக்கலாம். செத்தவளை என்ன செய்வது? அவள் குழம்பில் உப்பைக் கூட்டிப் போடமாட்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டாள், வயசும் ஏறாது. கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டியாகப் படுத்துக் கிடந்தாள். வெயிலடிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் வீரசிங்கம் பெட்டியைத் திறந்து சேலைகளை வேலியில் காயப்போடுவான், சாயங்காலம் ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைப்பான். யசோதினியின் பாவாடை ஒன்றைக்கூட அவன் மடித்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் எல்ல என்கிற ஊரில் ஒரு விடுதியில் அறை கூட்டுகிற வேலை பார்த்தாள் யசோதினி. அங்கே தேயிலை பறிக்கிற பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, உள்ளே பல்பு மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் அதன் அடியில் நின்று படம் பிடிப்பார்கள். நம் முதுகை ஒடித்த கூடைக்கு வந்த வாழ்வைப் பார் என்று அப்போது சிரித்திருக்கிறாள். அந்தக் கூடைதான் இப்போது புத்தி சொன்னது. பெட்டியிலிருப்பதைத் தூக்கி எறிந்தால் பாவம், பழிச்சொல். வெட்டித் தைத்து வீட்டுக்கு உதவுகிற பொருளாக ஆக்கினால் தன்னைக் கெட்டிக்காரி என்பார்கள். சேலை சேலையாக இருந்தால்தானே அவன் மடிப்பான்? சும்மா கிடந்து பூச்சி அரிக்கிறதே, ஏதாவது செய்யட்டுமா என்று அவனிடம் கேட்டாள். அவன் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிய பிறகு, செய் என்றான்.

செய்தாள். ஆசை தீரச் செய்தாள். மஞ்சள் பூச்சேலை ஜன்னலுக்குத் திரையானது. ஜெயந்தினி மலைக்குச் சோறு கொண்டுபோன தூக்குச்சட்டியில் மண் நிரப்பி மணிபிளாண்ட் நட்டாள். பரணில் கிடந்த அவளுடைய கொழுந்துக் கூடையைக் கழுவி, கவிழ்த்து, நடு வீட்டு பல்புக்கு மூடியாகத் தொங்கவிட்டாள். பச்சைச் சேலையைத்தான் கடைசிக்கு வைத்திருந்தாள். அவன் அதைத்தான் அதிக நேரம் மடிப்பான். அதை நாடா நாடாவாகக் கிழித்துக் கால்மிதியாகப் பின்னியபோது கை கூசவில்லை. இனித்தது என்றுதான் சொல்லவேண்டும்.

அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு மூக்கில் விரல் வைத்தார்கள். ஹல்துமுல்லையிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தங்கச்சி போனில் படம் பிடித்துக்கொண்டு போனாள். அதைவிட ஒன்று நடந்தது. வேலை விட்டதும் எங்கெங்கோ நின்றுவிட்டு வருகிற வீரசிங்கம் நேரே வீட்டுக்கு வரத் தொடங்கினான். யசோதினி தலையில் பூ வைத்துக்கொண்டாள். கருவாட்டைப் பொரித்தாள். ஜெயித்துவிட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள், பாவம்.

பக்கத்து வீட்டுப் பெரியாயி ஒருநாள் பிளேன்டீ குடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குறை சொல்லத் தெரியாத மனுஷி.

"ஜெயந்தினி மறுபடி இந்த வீட்டுக்குள்ள நடமாடுற மாதிரியே இருக்கு தாயி" என்றாள்.

அன்று சாயங்காலம் யசோதினி புருஷனைக் கவனித்துப் பார்த்தாள். அவன் கூடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். கூடையின் இடுக்கு வழியே வெளிச்சம் கோடு கோடாகச் சுவரெல்லாம் விழுந்திருந்தது. அவன் சுவரைப் பார்த்தான். ஜன்னல் திரை அசைந்தபோது அதைப் பார்த்தான். பொரித்த கருவாடு ஆறிக்கொண்டிருந்தது. இவன் தன்னைத் தேடி வரவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தவளை அவளே வெளியே எடுத்து, மூலைக்கு மூலை குடிவைத்திருக்கிறாள்.

இன்றைக்கு இந்தச் சேற்றுக் காலைப் பார்த்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அத மிதிச்சிட்டு வாங்களேன். மிதிக்கத்தானே பின்னிப் போட்டிருக்கேன்."

அவன் தன் கால் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "கால் வர மாட்டேங்குது புள்ள."

"என்னோடதா இருந்தா மிதிச்சிருப்பீங்கதானே?"

அவன் வாளியை எடுத்துக்கொண்டு, வந்த மாதிரியே கால்மிதியைத் தாண்டி, மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டான்.

தன் பழைய சேலை ஏதாவது இருக்கிறதா என்று யசோதினி பையைத் துழாவினாள். இந்த வீட்டில் பழையதென்று சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் கல்யாணத்துக்கு வாங்கியவை. அடியில் காகிதம் சுற்றிய கூறைச்சேலை இருந்தது, சிவப்பு, ஒருநாள் கட்டி மடித்த மடிப்புகூடக் கலையாதது. அதை எடுத்து வந்து உதறினாள். கால்மிதிக்கு மேலே, வாசல் முழுக்க அடைத்துக்கொள்ளும்படி விரித்துப் போட்டாள்.  பிறகு அடுப்படிக்குப் போய், கதவு தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. வாளி தளும்புகிற சத்தம் கிட்ட வந்தது. வீரசிங்கம் வாசலுக்கு வந்து, உள்ளே வைக்க ஒரு காலைத் தூக்கியவன், கீழே பார்த்தான். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. குதிகாலிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு திரண்டு, சிவப்புப் பட்டின் மேல் விழுந்தது.