ரெண்டு தமிழ், ஒரே இனிஷியல்

பதினாறு வயதிலேயே எனக்கு மாதவிடாய் ஒரேயடியாக நின்றுவிட்டது என்று மூன்று நாளாக நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் தேதி தள்ளிப்போனதால், இரும்புலியூர் டாக்டரம்மா இருவருக்கும் ஒரே ஹார்மோன் டெஸ்ட் எழுதியிருந்தார். என் கையில் கொடுத்த கவரில், ‘எம். தமிழ்’ என்ற பெயருக்குக் கீழே ஹார்மோன் அளவு அறுபத்தெட்டு. வயசுப் பெண்களுக்கு எவ்வளவு, நின்றவர்களுக்கு எவ்வளவு என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். நான் நின்றவர்கள் வரிசையில் இருந்தேன்.

இன்று இரவு ஒரு மணிக்குப் பொறுக்க முடியாமல் எழுந்து போனேன். அம்மா சமையலறையில் ஃபிரிட்ஜைத் திறந்து, அதற்குள் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“அம்மா, எனக்கு நின்னுபோச்சும்மா.”

அம்மா மெதுவாகத் திரும்பினாள். “எவன் அவன்?”

“எவனும் இல்லம்மா.”

“எவனும் இல்லாம எப்டிடி? டியூஷனுக்குக் கூடவே வருதே ஒண்ணு, அந்த தீனாவா?”

“அவன் பயாலஜி நோட்டு கேக்க வரான். இது வேற. உன் வயசுல நிக்குமே, அந்த மாதிரி நின்னுபோச்சு.”

“என் வயசுல யாருக்குடி நின்னுச்சு?” தீனா விஷயத்தில் வந்ததைவிட அம்மாவுக்கு இதற்குத்தான் கோபம் அதிகம் வந்தது. “என் ரிப்போர்ட்டப் பாரு. இருவது வயசுப் பொண்ணு மாதிரி கீதுன்னு உங்கப்பா கிட்டயே சொல்லிட்டேன்.”

கொண்டுவந்து காட்டினாள். அதிலும் ‘எம். தமிழ்’, கீழே வெறும் ஆறு. அப்பா பெயர் முனிரத்தினம். அவர் மனைவி தமிழ்ச்செல்விக்கும் எம், மகள் தமிழினிக்கும் எம். லேபில் பில் போட்ட ஜெரூஷா அக்கா அதற்கு மேல் டைப் அடிக்கவில்லை. வயசு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. அளவு போக, ரத்தம் எடுத்த நேரம் மட்டும் வேறு. அறுபத்தெட்டுக்குக் காலை ஏழரை. நான் ஸ்கூல் விட்டு வந்து நாலரைக்குத்தான் கொடுத்தேன்.

“காலைல போனது நீதானம்மா.”

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நாப்பத்தேழுதானடி ஆவுது எனக்கு.”

“வயசுக்கு ஏத்த மாதிரி ஏறும், எறங்கும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல.”

“அது ஏறட்டும். உங்கப்பா கிட்ட நான் எப்டி எறங்கி வர்றது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

“மூணு நாளா இத்த வச்சிகினு எப்டிடி தூங்குன?”

“தூங்கல.”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை வியர்த்திருந்தது. இந்தப் பயத்தில் அம்மாவைவிட நான் மூன்று நாள் சீனியர்.

“கூகுள்ல மட்டும் தேடாதம்மா” என்றேன்.