பிடித்து வைத்துக்கொள்ளும் என்றொரு வாக்கியம்

1

இந்தக் கதை என் தங்கை தோற்ற ஒரு நேர்முகத் தேர்விலிருந்து பிறந்தது. தோற்கடித்தவன் நான். இங்கேயே சொல்லிவிடுகிறேன், போகப் போகத் தைரியம் குறைந்துவிடும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அண்டத்தின் பேரிருளில் ஒரு பெண் தன்னந்தனியாக—'

என்ன தன்னந்தனி? பக்கத்தில் உட்கார்ந்து நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

3

தேர்வில் பேச வேண்டியதைத் தங்கை சமையலறையில் ஒத்திகை பார்த்தாள். கரும்பொருள் என்று ஒன்று உண்டாம். கண்ணுக்குத் தெரியாது, எதிலும் மோதாது, ஒரு முழுக் கோளையே ஊடுருவிப் போய்விடும். கோளின் ஈர்ப்பு அதை என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய ஆறு வருட வேலை.

"கோள் அதை இழுக்கும்ண்ணே. ஆனா எந்த வேகத்துல வந்துச்சோ அதே வேகத்துல தாண்டிப் போயிடும். பாதை மட்டும் கொஞ்சம் வளையும். வளைஞ்சதெல்லாம் கோளுக்குப் பின்னாடி ஒரு இடத்துல கூடும். அங்க அடர்த்தி அதிகம். அவ்வளவுதான்."

"ஆறு வருஷம் உழைச்சிட்டு 'அவ்வளவுதான்'னா எவன்டி வேலை குடுப்பான்? 'கோள் அதைப் பிடிச்சு வச்சுக்கும்'னு சொல்லு. நச்சுனு இருக்கும்."

"அது தப்புண்ணே."

"பன்னண்டு புத்தகம் போட்டவன் சொல்றேன்."

"அதுல பதினொண்ணு உன் கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு."

சிரித்துக்கொண்டேதான் எழுதிக்கொண்டாள்.

4

(தேர்வறையில் நான் இல்லை. ஒரு தண்ணீர்க் குவளை, ஒரு கடிகாரம் என்று ஜோடித்திருந்தேன். அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

அந்த வாக்கியம் வந்ததும் நடுவிலிருந்த பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தாராம். "எதுலயும் மோதாத பொருள் வேகத்தை எங்கம்மா இழக்கும்? இழக்காம எப்படித் தங்கும்?"

பதில் அவளுக்கு ஆறு வருடமாகத் தெரியும். 'அது என் அண்ணன் வாக்கியம்' என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.*

வயது வரம்புப்படி அதுவே கடைசி வாய்ப்பு. இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறாள்.

* எங்கள் அப்பா கல்லுடைத்தவர். சுத்தியல் தவறினால் யார் விரல் நசுங்கியது என்று அந்த நொடியே தெரியும். எழுத்தில் அந்த வசதி கிடையாது.

5

முடிவு ஒன்று: அவள் என்னை மன்னிக்கிறாள். எழுதினேன், பொய் நாறியது.

முடிவு இரண்டு: என்னோடு பேச்சை நிறுத்திவிடுகிறாள். அதுவும் பொய். தினமும் பேசுகிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். கோள், ஈர்ப்பு என்று மட்டும் வாயைத் திறப்பதில்லை.

நேற்று இதுவரை எழுதியதைக் கொடுத்து, "முடிவை நீ சொல்லு" என்றேன்.

படித்தாள். ஒரு வாக்கியம் சொன்னாள். நீளமான வாக்கியம், நடுவில் இரண்டு 'ஆனா'. சுருக்கினால் எடுப்பாக இருக்கும் என்று என் கை துறுதுறுத்தது.

அதனால்தான் அதை இங்கே எழுதவில்லை.