நூற்றைம்பது டிகிரி

1

வண்டி நிறுத்துமிடத்தில் அண்ணன் ஒன்று சொன்னார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: “சிவப்பு லாரி வெயிலில் புகை கக்கியபடி…”

[அடித்துவிட்டேன். லாரி என்றதும் நீங்கள் நெடுஞ்சாலைக்குப் போய்விடுவீர்கள். இது முழ நீளம்தான், ரிமோட்டில் ஓடுவது. ஆனால் உள்ளே இருப்பது நைட்ரோ எரிபொருள் குடிக்கும் நிஜ இஞ்சின். பொம்மை என்று எழுதினால் அண்ணன் சண்டைக்கு வருவார்.]

2

அண்ணன் பல் செட் செய்கிறவர். செய்தவர் என்று எழுத வேண்டும். போன வருடம் வலது கை நடுங்கத் தொடங்கியது. மெழுகில் பல்லைப் பதிக்க முடியாமல் வேலையை விட்டார். மிச்சமிருந்தது அந்த லாரி ஒன்றுதான். அதுவும் ஐந்து நிமிடத்தில் சூடேறி நின்றுவிடுகிறது, அவரால் ஒரு திருகைக்கூட நேராகத் திருப்ப முடியவில்லை என்று அண்ணி போனில் சொன்னார். அவருக்குக் கையாக இருக்க என்னைக் கூப்பிட்டார்.

போனேன். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். இஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் சுர்ரென்று காணாமல் போனது. வெப்பமானி நூற்றைம்பது காட்டியது. எரிபொருள் குறைந்து காற்று கூடினால் இப்படித்தான் சுடும் என்று எரிபொருள் கூடுதலாக வர கார்புரேட்டர் ஊசியைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். சூடு இறங்கவில்லை. பிளக்கை மாற்றினேன், இஞ்சின் தலையைக் குளிர்விக்கும் மடிப்புகளில் அடைந்திருந்த மண்ணைச் சுரண்டினேன். அப்போதும் நூற்று நாற்பத்தெட்டு.

கடைசியாக, இஞ்சின் ஓடும்போதே கார்புரேட்டர் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொன்னார். உள்ளே இழுத்துக்கொண்டது. காற்று அந்த வழியாகத்தான் புகுந்துகொண்டிருந்தது.

இஞ்சின் ஆறியதும் கார்புரேட்டரைக் கழற்றினேன். அடியிலிருந்த ரப்பர் வளையம் பிறை போல் நறுக்குப்பட்டிருந்தது. புத்தம் புது ரப்பர். கோணலாக வைத்து அழுத்தியிருக்கிறார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை. அந்த லாரியை வேறு யாரும் தொட்டதில்லை.

“என்னடா?”

“ரப்பர் பழசாகி விட்டுப்போச்சுண்ணே.”

3

“அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி…”

[பொய். நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.]

டப்பாவிலிருந்து வேறு வளையம் எடுத்துப் போட்டேன். அண்ணியும் சேர்ந்து மூவருமாக, காலியாகக் கிடந்த அந்த வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனோம். பத்து நிமிடம் ஓடியும் சூடு நூற்றைந்தைத் தாண்டவில்லை. ரிமோட்டை அண்ணனிடம் கொடுத்தேன்.

லாரி நேராகப் போகவில்லை. முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக உதறிக்கொண்டே போயின. அவர் விரல் எவ்வளவு நடுங்கியதோ அவ்வளவும் தரையில் தெரிந்தது. அண்ணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஸ்டியரிங்கில் ஏதோ கோளாறு, பிரித்துப் பார்க்கிறேன் என்றேன்.

“அதெல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றார் அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை. “அந்த ரப்பரும் புதுசுதான்டா. போன மாசம் நான்தான் போட்டேன்.”

பிறகு ரிமோட்டை என் கையில் வைத்தார்.

4

இதற்குப் பிறகு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஒன்றில் அண்ணன் சிரித்து என் முதுகில் தட்டுகிறார். இன்னொன்றில் நான் அவர் கையை…

நடந்தது இவ்வளவுதான். டேங்க் காலியாகும்வரை நான் ஓட்டினேன், அவர் பார்த்துக்கொண்டு நின்றார். மறு வாரம் லாரியை அட்டைப்பெட்டியில் கட்டி எனக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். நான் இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை.

இதை எழுதுகிறேன் என்று அண்ணிக்குத் தெரியும். நேற்றுப் போனில் கூப்பிட்டு, கதையில் என்ன ஆகிறது என்று விசாரித்தார். சொன்னேன்.

“கதைதானே தம்பி. கடைசியில கை சரியாயிடுச்சுன்னு போடேன்.”

ஒரே வரிதான். காலையிலிருந்து முயன்று பார்க்கிறேன், வரவில்லை. இடம் மட்டும் விட்டிருக்கிறேன். உங்களால் முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

[                    ]