ஜெயிக்க முடியாத கேட்

நான் வீடியோ கேம் செய்கிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். படிப்பு ஐந்தாவதோடு சரி. அதற்காக நூலகத்துக் கணினி வகுப்பில் நான் சேர்ந்தது அடுத்தவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார அல்ல. திரையில் நிறம் நிறமாகக் கட்டளைத் துண்டுகள் கிடக்கும். ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினால் சொன்னதைச் செய்யும். மனிதர்களைவிட அது தேவலை.

என் கேம் இதுதான்: கார் நிறுத்துமிடத்தின் வாசல். கார் வந்து ஹாரன் அடிக்கும். பட்டனை அழுத்தினால் தடுப்புக் கம்பம் மேலே போகும், கார் உள்ளே போகும். அடுத்த கார் வரும். நான் வேலை பார்த்த வாசலும் அப்படித்தான். சனிக்கிழமை வகுப்பில் அவரவர் கேமை மற்றவர்களுக்கு விளையாடக் கொடுக்க வேண்டும்; வீட்டு ஆட்களும் வரலாம்.

மகன் விளையாடிப் பார்த்தான்.

"எப்பப்பா ஜெயிப்பேன்?"

"ஜெயிக்க மாட்டே."

"அப்புறம் எதுக்கு விளையாடணும்?"

"வாசல்ல நின்னவன்கிட்ட இத யாராவது கேட்டாங்களாடா?"

மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அதில் கை வைத்துவிட்டான். கார் போகும்போதெல்லாம் மேலேயிருந்து தங்கக் காசு கொட்டியது. பத்துக் கார் போனதும் 'வெற்றி!' என்று பட்டாசு வேறு.

"நாலு பேர் முன்னாடி உங்க மானம் போகக் கூடாதுன்னுதான்..."

"என் மானத்துக்கு நீ என்ன வாட்ச்மேனா?"

வழியை மறித்து நின்ற எங்களிடம் மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரும் கம்பத்தத் தூக்குங்க. நான் ஆபீஸ் போகணும்."

காசை எடுக்க உட்கார்ந்தேன். காசுக்கான துண்டைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன். இணையத்தில் சேமித்து வைக்கச் சொல்லியிருந்தார் வாத்தியார். முகம் தெரியாதவனிடம் என் பொருளை எதற்குக் கொடுப்பது? வழக்கம்போல மூன்று பென் டிரைவிலும் பழையதை அழித்துப் புதியதை ஏற்றினேன். அதற்குப் பிறகுதான் ஓட்டிப் பார்த்தேன். காசு இல்லை. காரும் இல்லை. ஒரு துண்டை இழுத்தால் அதன் கீழே ஒட்டியிருப்பதெல்லாம் கூடவே வந்துவிடுமாம்.

"நான் மாத்துனது என்கிட்ட இருக்குப்பா. காச மட்டும் எடுத்துத் தரேன்."

எந்த மூலையில் என்ன ஒளித்து வைத்திருக்கிறானோ, யார் கண்டது? வேண்டாம் என்றேன்.

மிச்சமிருந்த நாட்களில் ஒரே ஒரு காரைத்தான் மறுபடி ஓட வைக்க முடிந்தது. சிவப்புக் கார். உள்ளே போகும், திரும்பவும் வாசலில் வந்து நிற்கும்.

சனிக்கிழமை என் கேமில் உட்கார்ந்தது கூடப் படிக்கும் வங்கிக்காரன். நாலைந்து முறை கேட்டைத் திறந்தான்.

"என்ன பெரியவரே, அதே கார் வருது?"

"ஆமா."

"திறந்தா என்ன கிடைக்கும்?"

"கார் உள்ள போகும்."

வாத்தியார் என் காதருகே குனிந்தார். "உங்க பையன் ஒரு கேம் அனுப்பியிருக்கார் ஐயா. காசெல்லாம் கொட்டுது. அதப் போட்டுடட்டுமா?"

"அது அவன் கேம். வேணும்னா அவன வகுப்புல வந்து சேரச் சொல்லுங்க."

வங்கிக்காரன் இன்னொரு முறை திறந்தான். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பிடிக்கலைன்னா எழுந்திருங்க, பின்னால ஆள் நிக்குது."

திரும்பிப் பார்த்தான். என் மருமகள் ஒருத்திதான் நின்றிருந்தாள். ஏன், அவள் ஆள் இல்லையா?