வீட்டுக்குப் போனவர்களின் சராசரி

எங்கள் நுரையீரல் வார்டின் தலைமை மருத்துவருக்கு நாங்கள் வைத்த பெயர் கோட்டு. வேர்த்து ஊற்றினாலும் அந்தக் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். கேமரா எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

அன்று காலை மீட்டிங்கில் திரையில் இரண்டு கட்டங்களைப் போட்டுவிட்டு மாப்பிள்ளைத் தோரணையில் நின்றார். வைரஸ் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வந்து சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்குப் பழைய மருந்து, பாதிப் பேருக்குப் புது மருந்து என்று குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்திருந்தோம். அதன் முடிவைத்தான் அறிவித்தார்.

"பழசுல எட்டு நாள்ல வீட்டுக்குப் போறாங்க. புதுசுல அஞ்சே நாள்! நாளையிலேருந்து வார்டு முழுக்கப் புதுசுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டத்தானே சம்பளம். நான் தட்டவில்லை. ஏழாம் படுக்கையில் என் சித்தப்பா கிடக்கிறார். அப்பா போன பிறகு என்னை டாக்டருக்குப் படிக்கவைத்த மனுஷன். பழைய மருந்தில் நேற்றுதான் கொஞ்சம் தெளிந்து, சாப்பாட்டில் உப்பில்லை என்று என்னோடு சண்டை போட்டார்.

"சார், செத்துப்போனவங்க இதுல எங்க வர்றாங்க?" என்றேன்.

"அவங்கதான் வீட்டுக்கே போகலையே. அவங்களுக்கு எப்படிம்மா நாள் பார்க்கறது? விட்டாச்சு."

விட்டாச்சாம்! புது மருந்து வாங்கியவர்களில் நோய் முற்றியவர்கள் பாதியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். திடமாக இருந்தவர்கள் மட்டும் தப்பிப் பிழைத்துச் சீக்கிரம் வீடு போனார்கள். பழசோ அந்த முற்றிய ஆட்களையும் இழுத்துப் பிடித்து, மெதுவாகத் தேற்றி அனுப்பியது. அதனால்தான் அதன் சராசரி நீண்டது. ஆளைக் காப்பாற்றிய குற்றத்துக்குப் பழசு தோற்றுப்போனது. இது புரியப் படிப்பே வேண்டாம். இப்படி ஒரு தப்பைச் செய்யத்தான் பெரிய படிப்பு வேண்டும்.

"அவங்களையும் சேர்த்துப் பாருங்க சார். புதுசுல செத்தவங்க ரெண்டு மடங்கு."

"உனக்கு எதுலயும் நொட்டை. சித்தப்பாவுக்காகப் பேசறியா?"

"ஆமா சார். எனக்குன்னு அவர் ஒருத்தர்தான். அதுக்காகக் கணக்கு மாறிடுமா?"

கோட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார். மதியம் டிவியில் அதே பல்லவியைப் பாடினார். எங்கள் நோயாளிகளெல்லாம் படுத்தபடியே பார்த்தார்கள்.

மாலையில் அவர் மனைவியை ஸ்டிரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதே காய்ச்சல், அதே மூச்சுத்திணறல். தனி அறை எதுவும் காலியில்லை. சித்தப்பாவுக்குப் பக்கத்தில் எட்டாம் படுக்கைதான் கிடைத்தது. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டேன்.

கோட்டு இல்லாமல் ஓடிவந்தார் கோட்டு. சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. என்னை ஓரமாக இழுத்தார். அந்த நெரிசலில் ஓரம் ஏது?

"இவளுக்கு மட்டும் பழசே போட்டுடும்மா."

அப்படியானால் தெரிந்திருக்கிறது! காலையில் நான் சொன்னது காதில் விழுந்து, மண்டையிலும் ஏறியிருக்கிறது. அடுத்தவன் வீட்டுப் பிணம் என்றால் விட்டாச்சு. தன் வீட்டு ஆள் என்றதும் கணக்கு சரியாக வருகிறது. தூ!

"ஏன் சார்? புதுசுன்னா அஞ்சே நாள்ல வீடாச்சே?" என்றேன், வேண்டுமென்றே குரலை உயர்த்தி.

"மெதுவா பேசும்மா."

சித்தப்பாவுக்கு எந்தக் காய்ச்சலிலும் காது மட்டும் கெடாது. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"டாக்டர் தம்பி, உங்க வீட்டம்மாவுக்கு எது போடறீங்களோ, எனக்கும் அதையே போடுங்க."

ஆறாம் படுக்கைக்காரருக்குப் பேச மூச்சில்லை, கையைத் தூக்கினார். எதிர் வரிசையில் இன்னொரு கை எழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மாஸ்க்குக்கு மேலே மனைவியின் கண்கள் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எல்லாருக்கும் பழசே போடுங்க" என்று முணுமுணுத்தார் கோட்டு, தரையைப் பார்த்து.

"சத்தமா சொல்லுங்க சார்" என்றேன். "கடைசிப் படுக்கைக்குக் கேக்கல."